கையால் திறந்த கதவு

அலுவலகத்தில் எல்லோருக்கும் அவள் ஃபோர்ட்ரான் அக்கா. நாற்பத்தொன்பது வயது, மூக்குக் கண்ணாடியின் ஒரு காதில் நூல் சுற்றியிருக்கும், ஏசி ஒத்துக்கொள்ளாது என்று பன்னிரண்டு மாதமும் ஒரே சாம்பல் நிற ஸ்வெட்டர். நேற்றுச் சேர்ந்தவர்களும் அக்கா என்பார்கள். அவளைவிட வயதில் மூத்த மேலதிகாரியும் அவள் காதில் விழாத இடத்தில் "அந்த ஃபோர்ட்ரான் அக்காவைக் கேளுங்க" என்பார். வாசல் காவலாளிக்கு அது ஏதோ ஊர்ப் பெயர் என்று நினைப்பு. "உங்க ஊர்ல மழை உண்டாம்மா?" என்று ஒரு நாள் கேட்டே விட்டார். இப்படி ஆளாளுக்கு அக்கா அக்கா என்று கூப்பிட, கூப்பிட வேண்டிய ஒருவன் மட்டும் ஒரு வருடமாகக் கூப்பிடவில்லை. அவளுடைய கூடப்பிறந்த தம்பி.

தம்பி ஏன் பேச்சை நிறுத்தினான் என்று புரிய வேண்டுமானால் அவள் பார்க்கும் வேலை என்னவென்று தெரிய வேண்டும். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், பெரிய வித்தை ஒன்றுமில்லை.

ஆற்றில் எவ்வளவு தண்ணீர் வரும் என்று முன்கூட்டியே சொல்லும் அலுவலகம் அது. மேட்டுத் தெருவின் கடைசியில் இரண்டு மாடிக் கட்டடம். மேலே எங்கெங்கே எத்தனை மழை, அணையில் எவ்வளவு நீர், அணைக் கதவு திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்பதையெல்லாம் வாங்கிக்கொண்டு, பாலத்தடியில் தண்ணீர் எத்தனை மீட்டர் வரை ஏறும் என்று ஒரே ஓர் எண்ணைச் சொல்லும் கணினி நிரல் அங்கே ஓடுகிறது. கரை ஆறு மீட்டர் உயரம். எண் ஐந்து புள்ளி எட்டைத் தாண்டினால் கரையோரத் தெருக்களில் அபாயச் சங்கு தானாகவே ஊதும். யாரும் பொத்தானை அழுத்த வேண்டியதில்லை.

அந்த நிரல் இருபத்தெட்டாயிரம் வரி. அத்தனையும் ஃபோர்ட்ரான் என்கிற பழைய கணினி மொழி. எழுதியவர்கள் எப்போதோ போய்விட்டார்கள். இவள் இருபத்துநாலு வயதில் தட்டச்சு வேலைக்கு வந்தவள். மற்றவர்கள் சாப்பிட்டுவிட்டு அரட்டை அடிக்கும் நேரத்தில் அந்த வரிகளைப் படித்துப் படித்து, யாரும் சொல்லித்தராமல், எங்கே கை வைத்தால் எங்கே வலிக்கும் என்று தெரிந்துகொண்டாள். கல்யாணம், காட்சி எதுவும் அமையவில்லை. அமையவில்லையா, இவள் அமைய விடவில்லையா என்று அம்மா கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தாள். அம்மா இருந்தது தம்பி வீட்டில். தம்பி வீடு இருந்தது கரையோரம் மூன்றாவது தெருவில், சங்குக் கம்பத்துக்கு நேர் கீழே.

முன்பெல்லாம் மணிக்கொரு தரம் அவள் அணைக் கதவுக்காரருக்குப் போன் செய்து கேட்பாள். "தொறந்திருக்கும்மா" அல்லது "மூடியிருக்கும்மா." அவள் ஆம், இல்லை என்று தட்டுவாள். அந்த மனிதருக்குப் பேச ஆள் கிடைக்காது போலிருக்கிறது. கதவில் ஆரம்பித்து மகளுடைய பல்வலி வரைக்கும் வந்துவிடுவார். போன வருட மழைக்கு முன்னால் அணைக் கதவில் மீட்டர் என்று ஒரு கருவி பொருத்தினார்கள். கதவு எப்படி இருக்கிறது என்று அதுவே நேராக நிரலுக்குச் சொல்லிவிடும். போன் நின்றது. அவளுக்கு அப்பாடா என்றிருந்தது.

போன வருடம் மழையின் இரண்டாம் நாள் நிரல் ஆறு புள்ளி ஐந்து என்றது. சங்கு ஊதியது. அதற்கும் முன்னாலேயே தம்பியைக் கூப்பிட்டு, "அம்மாவைத் தூக்கிட்டு உடனே மேட்டுக்கு வந்துடு" என்று அவள் சொல்லிவிட்டாள். மூச்சிரைப்பில் படுத்திருந்த அம்மாவைக் கொட்டுகிற மழையில் தோளில் போட்டுக்கொண்டு அவன் ஓடிவந்தான். மேட்டுப் பள்ளிக்கூட பெஞ்சில் ஈரத்தோடு இருட்டும்வரை அம்மா கிடந்தாள். தண்ணீர் நாலு புள்ளி இரண்டோடு நின்றுவிட்டது. தெருவில் ஒரு செருப்புக்கூட நனையவில்லை. அம்மாவுக்குக் காய்ச்சல் வந்து, நாலாம் நாள் ஆஸ்பத்திரியில் உயிர் போனது. ஆஸ்பத்திரி நடையில் வைத்து அவன் சொன்ன வார்த்தை ஒன்றுதான். "உன் நம்பர்தான் கொன்னுச்சு." அதோடு சரி.

விசாரணைக் குழு வந்தது, தேநீர் குடித்தது, 'கணிப்பில் மனிதப் பிழை' என்று எழுதிவிட்டுப் போனது. எந்த மனிதர் என்று எழுதவில்லை. எழுதத்தான் வேண்டுமா என்ன, அந்த அறையில் இருந்தது ஒருத்திதானே. அவள் ராஜினாமாக் கடிதம் கொடுத்தாள். மேலதிகாரி அதை வாங்கி மடித்து அவளிடமே நீட்டினார். வேறு ஆள் இல்லை. ஆனால் நிரலில் இனிமேல் ஒரு வரி மாற்றினாலும் அவரும் மேலிடத்தில் இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும் என்று உத்தரவு போட்டார். சங்கைக் கையால் ஊதுவதற்கும் அதே மூன்று கையெழுத்து. அன்றிலிருந்து அவருக்கு அலுவலகத்தில் மூணு கையெழுத்து என்றே பெயர் விழுந்துவிட்டது.

ஒரு வருடமாக அவள் அந்தப் பிழையைத் தேடினாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு இருபத்தெட்டாயிரம் வரியையும் தேடினாள். கணக்கில் தப்பே இல்லை. தப்பு இருந்தால்கூடப் பரவாயில்லை, திருத்திவிட்டு அழலாம். தப்பே இல்லாத கணக்கு எப்படி அம்மாவை மழையில் நிறுத்தியது என்பதுதான் அவளைத் தின்றுகொண்டிருந்தது. சாப்பாடு இறங்குவதில்லை. ஸ்வெட்டர் தொளதொளவென்று ஆனது.

இந்த வருடம் மழைக்கு ஒரு மாதம் இருக்கும்போது பழைய கணினி செத்தது. புகை வந்தது, அவ்வளவுதான். புதியது வாங்கினார்கள். பழைய கம்பைலர் புதியதில் ஏற மாட்டேன் என்றுவிட்டது.

கம்பைலர் என்றால், நாம் எழுதிய வரிகளை இயந்திரம் ஓட்டக்கூடிய மாதிரி மாற்றிக் கொடுக்கும் மென்பொருள். அது இல்லாவிட்டால் இருபத்தெட்டாயிரம் வரியும் வெறும் காகிதம். போதாக்குறைக்கு இந்த வருடம் ஆறு நெடுக மீட்டர் பொருத்தியிருந்தார்கள். மீட்டர்களின் பேச்சை வாங்கிக்கொள்ளும் பகுதி சி என்ற வேறொரு கணினி மொழியில் எழுதியது. சி-யும் ஃபோர்ட்ரானும் ஒரே நிரலாகச் சேர்ந்து ஓடவேண்டும். அந்த இரண்டையும் சண்டையில்லாமல் குடித்தனம் வைக்கிற கம்பைலர் எது என்று கண்டுபிடிக்க வேண்டும். அதுவும் மழைக்குள்.

மூன்று கம்பைலர் பார்த்தாள். மூன்றுக்கும் அவளே பெயர் வைத்தாள். கணினியோடு கூடவே வந்தது ஒன்று. அது ஃபோர்ட்ரான் பெயர்களை எல்லாம் பெரிய எழுத்தாக மாற்றிவிட்டு, சி கூப்பிட்டால் அப்படி யாரும் இங்கே இல்லை என்று சாதித்தது. அதற்குச் சண்டைக்காரன் என்று பெயர் வைத்து இரண்டே நாளில் தள்ளிவிட்டாள். மிஞ்சியது இரண்டு. பணம் கொடுத்து வாங்குவது விலைக்காரன். சும்மா கிடைப்பது இனாம். இரண்டும் சி-யோடு ஒத்துப்போயின. கடைசி முப்பது நாள் பதிவை இரண்டிலும் ஓட்டிப் பார்த்தாள். மூன்றாவது தசமம் வரை ஒரே விடை. விலைக்காரன் நாலு நிமிடத்தில் முடித்தான். இனாமுக்குப் பதினோரு நிமிடம் ஆனது.

"அப்புறம் என்ன யோசனை? வேகமா ஓடுறதையே எடுங்க" என்றார் மூணு கையெழுத்து.

"இன்னும் கொஞ்சம் பாக்கணும் சார். ரெண்டும் ஒரே விடை சொல்லுதுன்னா ரெண்டும் சரின்னு இல்லையே."

"ரெண்டும் தப்புன்னும் இல்லையே. மழை உங்களுக்காகக் காத்துட்டு இருக்குமா?"

ஒரு படிவத்தை நீட்டினார். கம்பைலரைத் தேர்ந்தெடுப்பதும், தேவை ஏற்பட்டால் மாற்றுவதும், கீழே கையொப்பமிட்டவரின் முழுப் பொறுப்பு என்று அதில் ஒரு வரி இருந்தது. நாளைக்கு ஏதாவது ஆனால் கைகழுவிக்கொள்வதற்காக அவர் சேர்த்த வரி என்று பார்த்தவுடனே தெரிந்தது. விலைக்காரன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். ஆனால் மனசு கேட்கவில்லை. புதிய கணினியில் ஒரு மூலையில் இனாம் கட்டிய நிரலையும் அழிக்காமல் விட்டுவைத்தாள். தினமும் அதையும் ஒரு முறை ஓட்டிப் பார்த்துக்கொண்டாள். விடை தினமும் ஒன்றாகவே இருந்தது.

மழையின் மூன்றாம் நாள், பகல் பன்னிரண்டே முக்கால். சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துவிட்டுத் திரையைப் பார்த்தாள். மாலை ஆறு மணிக்குப் பாலத்தடியில் எவ்வளவு? விலைக்காரன் ஐந்து புள்ளி மூன்று என்றான். இனாம் ஆறு புள்ளி ஏழு என்றது.

ஒன்று சொல்வதைப் பார்த்தால் சங்கு ஊதாது, தெரு பத்திரம். இன்னொன்று சொல்வதைப் பார்த்தால் தம்பி வீட்டில் ஜன்னல் வரை தண்ணீர். தம்பிக்கு இரண்டு பிள்ளைகள். பெரியவனுக்கு ஏழு வயது, சின்னவளுக்கு மூன்று. போன வருடத்துக்குப் பிறகு அவன் சங்கு ஊதினாலும் கிளம்ப மாட்டேன் என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறான் என்பது அவள் காதுக்கும் வந்திருந்தது. இப்போது அவனிடம் போய் எந்த வாயால், எந்த எண்ணைச் சொல்வது? தப்பாகப் போ என்றால் போன வருடம். தப்பாக இரு என்றால் அதைவிட மோசம்.

டப்பாவை மூடினாள். இரண்டு நிரலும் வழியில் எழுதிவைக்கும் இடைக்கணக்குகளை எடுத்து வரிசையாக ஒப்பிட்டாள். மழைக் கணக்கு ஒன்றே. மண் எவ்வளவு குடித்தது, ஒன்றே. ஓடைகள், ஒன்றே. அணை என்று வந்ததும் பிரிந்தது. அணையிலிருந்து வெளியேறும் நீர், இனாம் கணக்கில் மலைமலையாக இருந்தது. விலைக்காரன் கணக்கில் பூஜ்யம். அதாவது ஒருவன் அணைக் கதவு திறந்திருக்கிறது என்கிறான், மற்றவன் மூடியிருக்கிறது என்கிறான். இருவரும் பார்த்தது ஒரே பதிவை.

பதிவைத் திறந்தாள். கதவு என்ற பத்தியில் காலை எட்டு மணியிலிருந்து 2, 2, 2 என்று இருந்தது. சோதனை செய்த முப்பது நாளில் அந்தப் பத்தியில் வெறும் 0, 1 மட்டும்தான். இரண்டை அவள் பார்த்ததே இல்லை.

மீட்டர் பொருத்தியவரை, அந்த சி பகுதியை எழுதியவரை, போனில் பிடித்தாள்.

"சார், கதவு மீட்டர்ல ரெண்டுன்னு வந்தா என்ன அர்த்தம்?"

"சைபர்னா மூடியிருக்கு மேடம். ஒண்ணுன்னா மோட்டார் தொறந்தது. ரெண்டுன்னா கையால தொறந்தது. கரண்டு போச்சுன்னா கையாலதானே சுத்தணும். எப்படித் தொறந்தா என்ன, சைபர் இல்லேன்னா தொறந்திருக்குன்னு அர்த்தம். சி-ல அப்படித்தானே."

"எனக்கு ஆமா, இல்லைன்னு மட்டும்தானே சார் வரணும்? அப்படித்தான கேட்டிருந்தேன்."

"கையேட்டுல போட்டிருக்கேனே, நாப்பத்தொண்ணாம் பக்கம். மைனஸ் ஒண்ணும் உண்டு. அது வந்தா மீட்டர் பேசலைன்னு அர்த்தம், கம்பி கிம்பி அறுந்திருக்கும்."

அவள் போனை வைத்துவிட்டு மூன்றே வரியில் ஒரு குட்டி நிரல் எழுதினாள். இந்த எண் ஆமாவா, இல்லையா? விலைக்காரனிடம் ஒன்றைக் கொடுத்தாள், ஆமாம் என்றான். இரண்டைக் கொடுத்தாள், இல்லை என்றான். மூன்று, ஆமாம். நாலு, இல்லை. ஒற்றைப்படை வந்தால் ஆமாம், இரட்டைப்படை வந்தால் இல்லை, அதுதான் அவன் பழக்கம். இனாமுக்கு அப்படி இல்லை, பூஜ்யம் தவிர எது வந்தாலும் ஆமாம். விலைக்காரன் பேரிலும் குற்றமில்லை. ஆமாம் என்பதை உள்ளே எந்த எண்ணாக வைத்துக்கொள்வது என்பது ஒவ்வொரு கம்பைலரின் சொந்த விஷயம். சி-யோடு சேரும்போது இந்தப் பழக்கத்தை விட்டுவிடு என்று அவனிடம் சொல்லிக் கட்டவும் வழி உண்டு. ஆனால் அத்தனை வரியையும் முதலிலிருந்து கட்ட இரண்டு மணி நேரம் ஆகும். இரண்டு மணி நேரத்துக்கு ஆறு எங்கே காத்திருக்கும்?

சரி, ஏதோ தெரிந்துவிட்டது என்று மூச்சு விடப்போனவள் அப்படியே நின்றாள். மைனஸ் ஒன்று.

மைனஸ் ஒன்று ஒற்றைப்படை. பூஜ்யமும் இல்லை. அப்படியானால் எந்தக் கம்பைலரும் அதை ஆமாம் என்றுதான் எடுத்துக்கொள்ளும். பழைய கணினியில் இருந்த பழையதும்கூட.

போன வருடப் பதிவைத் திறந்தாள். இந்தப் பதிவை நூறு முறை பார்த்திருப்பாள். மழை, மட்டம், நீரோட்டம் என்று தசமம் தசமமாகப் பார்த்திருக்கிறாள். கதவுப் பத்தியில் அவள் கண் ஒரு நாளும் நின்றதில்லை. ஆமாம் இல்லை என்பதில் பார்க்க என்ன இருக்கிறது என்று தாண்டிப் போய்விடுவாள். அந்த நாளின் பத்தியில் காலை முழுதும் 0, 0, 0. பதினோரு மணிக்கு மேல் -1, -1, -1. கதவு மூடியே இருந்திருக்கிறது. மீட்டர்தான் வாயடைத்துப் போயிருக்கிறது. அந்த மௌனத்தை நிரல் திறந்த கதவாக எடுத்துக்கொண்டு, வராத வெள்ளத்தை வரவழைத்திருக்கிறது.

ஒரு வருடமாகத் தேடியது கிடைத்துவிட்டது. ஸ்வெட்டர் கையை வாயில் அடைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். அழக்கூட நேரம் இல்லை. இப்போது கதவுப் பத்தியில் இருக்கும் 2 நிஜமான இரண்டா, அல்லது இதுவும் ஏதாவது கோளாறா? ஒரு வருடமாகக் கூப்பிடாத எண்ணைக் கூப்பிட்டாள். மேசை போனில் அந்த எண் இன்னும் முதல் பொத்தானில்தான் இருந்தது.

"அட, நீங்களாம்மா" என்றார் கதவுக்காரர். பின்னால் தண்ணீர் இரையும் சத்தம். "குரல் கேட்டு ஒரு வருஷம் ஆச்சே. நல்லா இருக்கீங்களா?"

"கதவு தொறந்திருக்காங்க?"

"காலையில எட்டு மணிக்கே தொறந்தாச்சு. கரண்டு இல்ல, நாலு பேரு சேர்ந்து கையாலதான் சுத்தினோம். கையெல்லாம் கொப்புளம். இன்னும் மூடல, மூடவும் முடியாது, அவ்வளவு தண்ணி வருது. ஏன், மீட்டரு சொல்லலியா?"

"சொல்லுது. சும்மா கேட்டேன்." வைக்கப் போனவள் வைக்கவில்லை. "போன வருஷம் சங்கு ஊதின அன்னைக்குக் கதவு…"

"மூடித்தான் இருந்துச்சு. மரம் விழுந்து மீட்டர் கம்பி அறுந்துபோச்சு. எப்பவும் கேப்பீங்களே, இன்னைக்குக் கேக்கலியேன்னு நெனச்சேன். மீட்டரு இருக்கும்போது நாம எதுக்குத் தொந்தரவு பண்ணணும்னு நானும் விட்டுட்டேம்மா."

அவள் போனை வைத்தாள். ஒரு பொத்தான். அன்றைக்கும் அந்த போன் இதே இடத்தில், கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது.

மூணு கையெழுத்தின் அறைக்கு ஓடினாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். அவர் பாதி கேட்டார்.

"சிஸ்டம் என்ன சொல்லுது?"

"அஞ்சு புள்ளி மூணு சார். ஆனா அது தப்பு. கையால சங்கு ஊதணும். இல்லேன்னா அந்த ஒரு வரியை மாத்த விடுங்க."

"ரெண்டுக்குமே மூணு கையெழுத்து வேணும். அவங்க ரெண்டு பேரும் கூட்டத்துல இருக்காங்க, அஞ்சு மணிக்குத்தான் வெளிய வருவாங்க."

"அஞ்சு மணிக்குத் தெருவுல தண்ணி வந்துடும் சார்."

"போன வருஷமும் இப்படித்தான் சொன்னீங்க." குரலை உயர்த்தாமல்தான் சொன்னார். "அதுக்கே நான் இன்னும் பதில் எழுதிட்டு இருக்கேன். ஒரு உயிர் போச்சு, ஞாபகம் இருக்கட்டும்."

யார் உயிர் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் சொன்னார். பாவி மனுஷன், மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

அவளும் மேசையைப் பார்த்தாள். அவர் மேசைக் கண்ணாடிக்கு அடியில் அந்தப் படிவம் பத்திரமாகக் கிடந்தது. தேர்ந்தெடுப்பதும், தேவை ஏற்பட்டால் மாற்றுவதும். வரியை மாற்ற மூன்று கையெழுத்து வேண்டும், சங்குக்கும் மூன்று வேண்டும். கம்பைலரை மாற்ற இவள் கையெழுத்து ஒன்று போதும். இவளைச் சிக்கவைக்க அவரே எழுதிவைத்த வரி.

அறைக்கு வந்து விலைக்காரன் கட்டிய நிரலை நிறுத்தினாள். ஓரமாக வைத்திருந்த இனாமின் நிரலை அந்த இடத்தில் ஏற்றினாள். கம்பைலர் மாற்றப்பட்டது, பொறுப்பு நான் என்று பதிவேட்டில் எழுதித் தேதி, நேரம் போட்டாள். மணி இரண்டு இருபது. ஓடவிட்டாள். இனி பதினோரு நிமிடம் அது கணக்குப் போடும். எண் வந்ததும் சங்கு தானாக ஊதும். ஆனால் சங்கை நம்பித் தம்பி கிளம்ப மாட்டானே.

தம்பியைக் கூப்பிட்டாள். எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டாள். மறுபடி. ஐந்தாவது முறை தம்பி மனைவியின் எண்ணுக்கு அடித்தாள்.

"அண்ணி" என்றாள் தம்பி மனைவி, தணிந்த குரலில். "உங்க நம்பரைப் பாத்துட்டுத்தான் எடுக்காம இருக்காரு. சத்தம் போடுவாரு அண்ணி."

"ஸ்பீக்கர்ல போடும்மா. அவன் பேச வேண்டாம். காது கொடுத்தா போதும்." பொத்தான் அழுத்தும் ஒலி கேட்டது. "தம்பி, தண்ணி வருதுடா. சாயங்காலத்துக்குள்ள கரையைத் தாண்டிடும். பசங்களைத் தூக்கிட்டு இப்பவே இங்க வந்துடு."

அந்தப் பக்கம் சின்னவள் ஏதோ பாடிக்கொண்டிருந்தாள். யாரோ அவளைச் சும்மா இரு என்றார்கள். பிறகு ஒரு வருடம் கழித்து அவன் குரல் கேட்டது.

"போன வருஷமும் இதேதான் சொன்ன."

"ஆமா."

"இதே மாதிரி அடிச்சுச் சொன்ன."

"ஆமாடா."

"இந்தத் தடவை மட்டும் உனக்கு எப்படித் தெரியும்?"

"அணைக்குப் போன் பண்ணிக் கேட்டேன். காலையிலேயே கதவைத் தொறந்துட்டாங்க. தொறந்த ஆளே சொன்னாரு."

திரையில் ஏழாவது நிமிடம் ஓடிக்கொண்டிருந்தது.

"போன வருஷம் கேட்டியா?"

ஒரு சின்னப் பொய் போதும். கேட்டேன், அவர் தப்பாகச் சொல்லிவிட்டார் என்றால் முடிந்தது. மீட்டர் கெட்டுவிட்டது என்றால் அது பொய்கூட இல்லை. உண்மையைச் சொன்னால் அவன் போனைத் தூக்கி எறிவான். பிள்ளைகளோடு அந்த வீட்டிலேயே உட்கார்ந்துகொள்வான். அவன் பிடிவாதம் அவளுக்குத் தெரியாதா, தூக்கி வளர்த்தவள். ஆனால் அம்மாவை நினைத்துக்கொண்டு அவனிடம் பொய் சொல்ல அவளால் முடியவில்லை.

"கேக்கல" என்றாள். "போன் பக்கத்துலயேதான் இருந்துச்சு. கேக்கலடா. கம்பி அறுந்து மீட்டர் பேசாம இருந்திருக்கு, அதை நாங்க தொறந்த கதவுன்னு எடுத்துக்கிட்டோம். இன்னைக்குத்தான் எனக்கே தெரியும். அன்னைக்கு ஒரு வார்த்தை கேட்டிருந்தா அம்மா வீட்டுலயே படுத்திருப்பா. தப்பு என்னோடதுதான். நீ என்னை எவ்வளவு வேணா திட்டு, ஆயுசுக்கும் பேசாம இரு. பசங்களை மட்டும் தூக்கிட்டு வந்துடு."

அவன் மூச்சு விடுவது கேட்டது. பிறகு அவளிடம் இல்லை, மனைவியிடம் சொன்னான்.

"பசங்களுக்குச் செருப்பை மாட்டு."

இணைப்பு அறுந்தது. நாலு நிமிடம் கழித்துத் திரையில் ஆறு புள்ளி ஏழு என்று விழுந்தது. கீழே கரையோரத்தில் மூன்று சங்கும் ஒன்றாக ஊத ஆரம்பித்தன. மூணு கையெழுத்து கதவைத் திறந்துகொண்டு ஓடிவந்தார். "யாரைக் கேட்டுப் பண்ணீங்க?" என்றார். அவள் பதிவேட்டைத் திருப்பிக் காட்டினாள். அவர் படித்தார், இன்னொரு முறை படித்தார், வியர்வையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

ஐந்து பத்துக்குத் தண்ணீர் கரையைத் தாண்டியது. பாலத்தடியில் ஆறு புள்ளி ஆறு வரை போனது. கரையோரத் தெருக்காரர்கள் பாதிப் பேர், இதுவும் போன வருடம் மாதிரிதான் என்று கடைசிவரை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, இடுப்பளவு நீரில் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார்கள். மூன்றாவது தெருவில் தம்பி வீட்டின் ஜன்னல் மறைந்தது.

வந்தவர்களை அலுவலகத்தின் கீழ்த்தளத்தில் உட்கார வைத்தார்கள். அவள் மாடிப்படியில் பாதியில் நின்று ஒவ்வொரு தலையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் தம்பியைப் பார்த்தாள். முன்னாலேயே வந்து மூலையில் நின்றிருக்கிறான். ஒரு கையில் பெரியவன், தோளில் சின்னவள். அவன் படியேறி வந்தான். நரைத்திருந்தான். ஒரு வருடத்தில் இவ்வளவு நரைக்குமா என்று அவளுக்குத் தோன்றியது.

தூங்கிக்கொண்டிருந்த சின்னவளை அவன் அவள் கையில் கொடுத்தான். பிள்ளையின் தலை ஈரமாக இருந்தது. அவள் ஸ்வெட்டரைக் கழற்றிச் சுற்றினாள். அவன் போகவில்லை. அவள் முகத்தைப் பார்க்காமல் படியின் கைப்பிடியைப் பார்த்துக்கொண்டு நின்றான். வாய் கோணியது.

"ஒரே ஒரு போன், அக்கா" என்றான்.